மோட்டாரு போட்டாச்சா?

உக்காருங்க தம்பி. செட்டு எங்கயும் ஓடிப்போயிராது. அந்தா, கொட்டகைக்குள்ள தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்குதே, அதுதான். அஞ்சு கேவி டீசல் ஜெனரேட்டரு. கையால சுத்தி விடணும், ரெண்டு சுத்துல பிடிச்சுக்கிரும். போன்ல சொன்னதுல ஒரு பொய் கெடையாது. உங்க டிரைவரு டீக்கடைக்குப் போயிட்டு வரட்டும். அதுக்குள்ள ஒரு கடுங்காப்பி போடுறேன். பால் வண்டி இன்னிக்கு வரல. இங்க எது வரும் எது வராதுன்னு யாருக்கும் தெரியாது, வந்தாத்தான் வந்துச்சுன்னு அர்த்தம்.

இதே மலையில கிளாவரைப் பக்கம், ஊரு சுத்த வர்றவங்க தங்கக் கூடாரம் போடப் போறேன்னீங்க. போடுங்க. வேணாம்னு சொல்ல நான் யாரு. ஆனா கரண்டு கம்பி இல்லாத எடத்துல எதை வச்சு லைட்டு எரிய வைக்கிறது, எது சத்தம் போடாதுன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு நான் பதில் சொல்லணும்னா ஒரு வருசக் கதையச் சொல்லணும். அலுப்பா இருக்கு தம்பி. இருந்தாலும் சொல்றேன்.

டீக்கடையில என்னையப் பத்திச் சொல்லியிருப்பாங்களே? சொல்லாம இருக்க மாட்டாங்க. கூடாரக்கார ராயப்பன் மூக்கம்மா கெழங்குத் தோட்டத்த அழிச்சுப்புட்டான்னு. சொன்னாங்கள்ல? அதான. அழிச்சது பன்னி தம்பி. காட்டுப்பன்னி. நான் என்ன பன்னியா? சிரிங்க, சிரிங்க. எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது. பாதித் தோட்டம் போச்சு. மிச்சப் பாதியத் தோண்ட இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. அந்தக் குடும்பத்துக்கு இந்த வருசத்துக் கஞ்சியே அந்த மிச்சப் பாதிதான். அதும் போச்சுன்னா அந்தப் பழியும் எனக்குத்தான். மூக்கம்மா எங்கிட்டப் பேசி இருபத்தோரு நாளாச்சு.

மூக்கம்மா யாருன்னா, இந்த வேலிக்கு அந்தப் பக்கம் கீழ தெரியுதுல்ல உருளைக்கெழங்குத் தோட்டம், அதுக்குச் சொந்தக்காரி. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருசன் சுருளி. காலு சரியில்ல, கவட்டுக் கட்டைய வச்சு நடப்பாரு. வீடு தோட்டத்தை ஒட்டியே. எனக்குப் பக்கத்து வீடுன்னா அது ஒண்ணுதான்.

நான் எங்க இருந்து வந்தேன்னு கேளுங்க. வத்தலகுண்டு. ராயப்பன் சவுண்டு சர்வீசு. முப்பது வருசம் மைக்செட்டு. கல்யாணம், காதுகுத்து, சப்பரம், எலக்சன், எழவு, எல்லாத்துக்கும் நம்ம குழாய் ஸ்பீக்கருதான் கட்டுவாங்க. இந்த ஜெனரேட்டரும் அப்ப வாங்குனதுதான். அந்த முப்பது வருசத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன் தம்பி. சத்தமா வைன்னு சொல்றவன் நம்மளக் கூப்புட்டவன் ஒருத்தன் மட்டுந்தான். மத்த ஊரே கொறைக்கச் சொல்லித்தான் வரும். பரீட்சைன்னு வாத்தியாரு வருவாரு. பிள்ள தூங்கலன்னு தாய்க்காரி வருவா. போலீசு வரும். ஒரு தடவ கோயில் பூசாரியே வந்து, சாமிக்குக் காது வலிக்குதுய்யான்னாரு. ஒருத்தராச்சும் வந்து, ராயப்பா உன் சத்தத்தால நான் நல்லா இருக்கேன்னு சொல்லணுமே! கெடையாது. அதனால எவனாவது சத்தத்தப் பத்தி வாயத் தெறந்தாலே என் கை தானா வால்யூமுக்குப் போயிரும். அப்படிப் பழகிப்போச்சு.

சரி, போதும்டா சாமின்னு எல்லாத்தையும் தம்பி மகன் தலையில கட்டிட்டு, இந்த மேட்டைக் குத்தகைக்கு எடுத்து நாலு கூடாரம் போட்டேன். அமைதியா இருக்கலாம்னு. வந்தவங்களும் அமைதிக்குத்தான் வந்தாங்க. ஆனா வந்து எறங்குன உடனே கேக்குறது என்ன தெரியுமா? போன் சார்ஜு எங்க போடுறது. சுடுதண்ணி எங்க. பாதையில லைட்டு இல்லியா, பாம்பு வருமா. கோழிக்கறி வைக்க ஃப்ரிஜ்ஜு வேணும். கரண்டு கம்பியோ மூணு கிலோமீட்டருக்கு அங்கிட்டே நின்னுபோச்சு. என்கிட்ட இருந்தது இந்தச் செட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குச் சுத்தி விட்டா விடியிற வரைக்கும் ஓடும். ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் ஃப்ரிஜ்ஜுக்காக ஓடும். கடகடகடன்னு. மலையே அதிரும்.

இந்தாங்க காப்பி. சூடு, பாத்து.

நான் செட்ட ஓட விட்டு ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் ஆறு மணி. இந்த மூக்கம்மா வேலிகிட்ட வந்து நிக்கிது. "மோட்டாரு போட்டாச்சாண்ணே?"ன்னு கேட்டுச்சு. செட்டத்தான் மோட்டாருங்குது. வந்துருச்சுடா, இங்கயும் வந்துருச்சுன்னு நெனச்சேன். "போட்டாச்சும்மா, கொஞ்சம் பொறுத்துக்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிருச்சு. மறுநாளும் அதே ஆறு மணி. "மோட்டாரு போட்டாச்சாண்ணே?" "போட்டாச்சும்மா." அதுக்கு மறுநாளும். ஒரு நாள் விடாம தம்பி! மழையில கோணிச்சாக்கத் தலையில போட்டுக்கிட்டு வந்து கேக்கும். என்ன பொறுமையான பொம்பளை பாருங்க, திட்டாமக் கொள்ளாம எப்படி நாசூக்காக் குறையச் சொல்லுதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கெழமையானா ஒரு கூடை பீன்ஸு, இல்லேன்னா கெழங்கு, வேலிமேல வச்சுட்டுப் போகும். இவ்வளவு தொந்தரவு குடுக்குறோம், அதுக்கு இந்தம்மா பீன்ஸு குடுக்குதே, இதுக்கு ஏதாவது செய்யணுமேன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

தங்க வர்றவங்க அந்தம்மா மாதிரியா? வாயத் தெறந்துட்டாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு தம்பி, உங்கள மாதிரியே, போன்ல சத்தத்த அளக்குற ஆப்பு வச்சிருந்தாரு. கூடாரம் கூடாரமாப் போயி அளந்து, "அங்கிள், எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கற பஸ் ஸ்டாண்டே தேவல"ன்னாரு. அது எனக்குச் சுருக்குன்னுச்சு.

அப்ப ஆரம்பிச்சதுதான். கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதை. மொதல்ல செட்ட இருநூறு அடி தள்ளி வச்சு வயர் இழுத்தேன். சத்தம் அப்படியேதான் இருந்துச்சு, லைட்டுதான் மங்கிப்போச்சு. அப்பறம் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, சுத்திக் கல்லு கட்டி, மரத்தூள் மூட்டை அடுக்கி, உள்ள எறக்குனேன். சத்தம் நல்லாவே அடங்குச்சு. அன்னிக்கு மூக்கம்மா வந்து, "மோட்டாரு கேக்கவே இல்லியேண்ணே?"ன்னுச்சு. "பாத்தியாம்மா!"ன்னு பெருமையாச் சொன்னேன். அதுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. சந்தோசத்துல வாயடைச்சுப்போச்சுன்னு நெனச்சேன். ஆனா குழிக்குள்ள காத்து இல்லாம நாலாம் நாள் செட்டு சூடாகிப் பொகை தள்ளிருச்சு. திரும்ப மேல தூக்கி வச்சேன். மேல தூக்குன அன்னிக்கு ஞாயித்துக்கெழமைகூட இல்ல, ரெண்டு கூடை கெழங்கு வந்துச்சு. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் குடுத்துருக்கு, தங்கமான மனசுன்னு நெனச்சேன்.

நீங்க கேட்டீங்கள்ல, சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரு, சூட்கேசு மாதிரி இருக்குமே, அதும் வாங்கிப் பாத்துட்டேன். சத்தம் ஃபேன் சத்தம் மாதிரிதான். ஆனா நோஞ்சான். ஒருத்தர் சுடுதண்ணிக் கெட்டில் போட்டா மொத்த லைட்டும் அணையும். அப்பறம் ஜீப்பு பேட்டரியும் இன்வெர்ட்டரும். அதுக்கு ஒரு அம்மா தலைமுடி காயவைக்கிற மெஷினப் போட்டுச்சு, அன்னியோட அதுக்கு ஆயுசு முடிஞ்சுச்சு. ஒவ்வொரு தடவையும் மறுநாளே பழைய செட்டுக்குத்தான் திரும்புனேன். ஒண்ணு தெரிஞ்சுக்கங்க தம்பி. சத்தம் போடாததுக்குச் சக்தி இல்ல, சக்தி உள்ளது சத்தம் போடும். ரெண்டும் சேந்து வேணும்னா கை நெறையக் கொட்டணும். நானும் கொட்டுனேன். போன மாசம்தான், லித்தியம் பேட்டரிப் பொட்டி ஒண்ணு, கூரையில ஆறு சோலார் தகடு. அந்தப் பொட்டியத் தொட்டுப் பாருங்க. இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. தெரியுதா? செத்த எலி மாதிரி கெடக்கு. அவ்வளவு அமைதி.

அத மாட்டுன அன்னிக்கு நான் மொதல்ல யாருகிட்டப் போயிச் சொன்னேன் தெரியுமா? மூக்கம்மாகிட்ட. அது வர்றதுக்கு முன்னாடியே நான் வேலிக்குப் போயிட்டேன். "அம்மா, இனிமே மோட்டாரு கெடையாது. சத்தமே இருக்காது. நீ நிம்மதியாத் தூங்கலாம்"னேன். அது என்னையப் பாத்துச்சு. கீழ தோட்டத்தப் பாத்துச்சு. "நெசமாத்தானாண்ணே?"ன்னுச்சு. "நெசந்தான்"னேன். "இனிமே போடவே மாட்டீங்களா?" "போடவே மாட்டேன்மா." கண்ணு கலங்கிருச்சு தம்பி. எனக்கும் கலங்கிருச்சு. முப்பது வருசம் ஊரைக் கத்த வச்ச பாவத்துக்கு ஒரு பரிகாரம் பண்ணிட்டோம்னு நெனச்சேன். போயிட்டு வர்றேன்னுகூடச் சொல்லாம எறங்கிப் போயிருச்சு.

அந்த மொத நாள் அமைதியில நான் உக்காந்து பாத்தேன். எவ்வளவு ஆசைப்பட்ட அமைதி! பத்து நிமிசம் இருக்கும். காதுக்குள்ள ஞொய்ங்னு ஒரு சத்தம். பேட்டரியோன்னு போயிப் பாத்தேன், இல்ல. தகடோன்னு பாத்தேன், இல்ல. என் காதுதான். முப்பது வருசக் குழாய்ச் சத்தம் உள்ள போயி உக்காந்துருக்கு. டாக்டரு, அது போகாது, பழகிக்கங்கன்னுட்டாரு. இத்தன நாளும் செட்டுச் சத்தத்துல அது தெரியல. எல்லாச் சத்தத்தையும் நிப்பாட்டுன பெறகு இதை எங்கன்னு தம்பி நிப்பாட்டுறது? தலகாணியக் காதுல வச்சு அமுக்குனா இன்னும் கூடுது.

அமைதி கேட்டு வந்தவங்களாச்சும் அனுபவிச்சாங்களான்னா, அதும் இல்ல. அந்தச் சத்தமில்லாத பேட்டரியில சார்ஜ் ஏத்தி, கையடக்கமா ஒரு பாட்டுப்பொட்டி, அதுல பாட்டு. அதுலயும் கீச்சு கீச்சுன்னு, அடிநாதமே கெடையாது. நான் முப்பது வருசம் தொழில் பண்ணவன், எனக்குக் கேக்கவே கூசுச்சு.

மூணாவது நாள் காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், கீழ பாதித் தோட்டம் ஏர் ஓட்டுன மாதிரிக் கெடக்கு. பன்னிக் கூட்டம். ஒரு செடி விடாமக் கிண்டி, கெழங்கத் தின்னது கால்வாசி, மிதிச்சது முக்கால்வாசி. மூக்கம்மா நடு வயல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. நான் மேல இருந்தே, "அடப்பாவமே, என்னம்மா இப்படி ஆச்சு"ன்னேன். அது திரும்பிக்கூடப் பாக்கல. டீக்கடையில எல்லாரும் என்னைய ஒரு மாதிரிப் பாத்தாங்க. நான் கோழிக் கழிவக் கொட்டித்தான் பன்னி வருதுன்னு நெனைக்கிறாங்கன்னு எனக்குக் கோவம். நான் குழி வெட்டிப் பொதைக்கிறவன் தம்பி! சத்தியமாப் பொதைக்கிறேன்.

அன்னியில இருந்து ஆரம்பிச்சுச்சு தகரம். வயலோரத்துக் காவல் குடிசையில மூக்கம்மா உக்காந்துக்கிட்டு, பழைய எண்ணெய் டின்ன வச்சு, கால் மணிக்கு ஒருக்கா டங்கு டங்கு டங்குன்னு. பொழுது சாஞ்சதுல இருந்து பொழுது விடியிற வரைக்கும். என் கூடாரத்துக்கு நேர் கீழ! ஒருத்தர் வந்து, இது உங்க ஊருக் கலை நிகழ்ச்சியா, வீடியோ எடுக்கலாமான்னு கேக்குறாரு. மறுநாள் அவரே முன்கூட்டியே காலி பண்ணிட்டாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. யாருக்காக இவ்வளவு பாடுபட்டு அமைதி வாங்குனேன்? அந்தம்மாவுக்கும் சேத்துத்தான? அதே அம்மா டின்னு தட்டுது. வயித்தெரிச்சலு, நம்ம கூடாரம் நெறையிறது பொறுக்கலன்னுகூட நெனச்சேன். நெனச்சேன்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

வேலிகிட்டப் போயி, "கொஞ்சம் அந்தப் பக்கமாப் போயித் தட்டக்கூடாதாம்மா?"ன்னேன். மூக்கம்மா நின்னு என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. "பன்னி இந்தப் பக்கமாத்தானண்ணே வருது. நீங்க அதுகிட்டச் சொல்லிப் பாருங்க. படிச்சவுக சொன்னா கேக்கும்"னுச்சு. அதுதான் கடைசிப் பேச்சு. பீன்ஸும் நின்னுபோச்சு. ஆறு மணிக்கு வேலியில யாரும் இல்ல. அந்த ஆறு மணிதான் தம்பி எனக்குத் தாங்கல. ஒரு வருசமா, நான் இருக்கனா இல்லியான்னு கேக்குற மாதிரி ஒரு கொரல் வந்துக்கிட்டிருந்துச்சு, அது இல்ல. போங்கடா, இனிமே இந்தச் செட்டு எதுக்குன்னு முந்தாநாள் விலைக்குப் போட்டேன். நீங்க போன் பண்ணீங்க.

இப்ப இன்னிக்குக் காலையில நடந்ததச் சொல்லணும்.

நேத்துத் தகரச் சத்தம் சரியா இல்ல. டங்கு... அப்பறம் ரொம்ப நேரங்கழிச்சு ஒரு டங்கு. தாளம் தப்புது. எனக்கு அதும் எரிச்சல். வெளுத்ததும் வேலியத் தாண்டிக் கீழ போனேன், நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு. குடிசையில மூக்கம்மா இல்ல. சுருளி உக்காந்துருக்காரு. கெட்ட காலை நீட்டி, சாக்கு போத்தி, மடியில டின்னு. குளிர்ல ஒதடு நீலம் பாரிச்சுப்போயிருக்கு. "என்னய்யா, நீரு எதுக்கு?"ன்னேன். "அவளுக்குக் காய்ச்சல்ணே. எந்திரிக்க முடியல. அதான் நான் வந்தேன்"னாரு. வீட்டுல இருந்து குடிசைக்கு இந்தா இங்க இருந்து அந்த மரம் வரைக்குந்தான் தூரம். கவட்டுக் கட்டைய ஊனி, சேத்துல அதுக்கு அரை மணி நேரம் ஆச்சாம்.

"உமக்குக் காலு எப்படிய்யா போச்சு?"ன்னு கேட்டேன். ஒரு வருசம் அவுக வீட்டுப் பீன்ஸத் தின்னுருக்கேன், இன்னி வரைக்கும் அதைக் கேக்கணும்னு தோணல. "இதே குடிசையிலதாண்ணே. மூணு வருசமாச்சு. பன்னின்னு நெனச்சு வெளக்கத் தூக்கிக்கிட்டுப் போனேன், காட்டுமாடு நின்னுச்சு"ன்னாரு. அதுக்கப்பறம் ரெண்டு வருசம் மூக்கம்மா ஒத்தையாக் காவல். பகல்ல வயல் வேலை, ராத்திரி தகரம். உக்காந்தபடியே தூங்கித் தூங்கி விழுமாம்.

அப்பறம் அவரு சொன்னாரு. "நீங்க மோட்டாரு போட்ட பெறகுதாண்ணே அவ வீட்டுல பாய் விரிச்சுப் படுத்தா. அந்தச் சத்தத்துக்கு ஒரு பன்னி இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆறு மணிக்கு வந்து மோட்டாரு போட்டாச்சான்னு உங்களக் கேட்டுட்டு வந்து படுத்தான்னா, கோழி கூப்புடுறதுகூடக் கேக்காது. ஒரு வருசம் மகராசி மாதிரித் தூங்குனா." "ஏய்யா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேய்யா!"ன்னு கத்திட்டேன். "உங்க மோட்டாரு, உங்க டீசலு. எங்க கெழங்குக்காக ஓட்டுங்கன்னு எந்த வாயால கேக்குறது? அதான் வாரா வாரம் ஏதோ பீன்ஸு குடுத்தனுப்புனா"ன்னாரு.

முப்பது வருசம் தம்பி. முப்பத்தியொண்ணுன்னு வைங்க. என் சத்தத்துல ஒரு உசுரு தூங்குச்சுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். அது தெரியாம அதைக் குழிக்குள்ள எறக்கி, மூட்டை அடுக்கி அமுக்கிப் பாத்துருக்கேன். நிம்மதியாத் தூங்கும்மான்னு அந்த மூஞ்சிக்கு நேரா வேற சொல்லியிருக்கேன். நெனைக்க நெனைக்கக் கூசுது.

இல்ல, காப்பி குடிங்க. எனக்கு ஒண்ணுமில்ல.

காலையிலயே உங்களுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிருக்கலாம். டவர் இல்ல. பொய் சொல்லல, இங்க டவர் அந்தப் பாறைமேல ஏறினாத்தான். ஏற எனக்குத் தெம்பு இல்ல. நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். அந்தப் பேட்டரிப் பொட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. தகடு ஆறையும் கழட்டிக்கங்க. செட்டுக்குப் பேசுன அதே வெலைதான், நெசமாத்தான் சொல்றேன். உங்களுக்கு அமைதிதான வேணும்? அது ரொம்ப அமைதி. ஒண்ணு மட்டும் செய்யுங்க, மாட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துத் தோட்டத்துக்காரவுக ராத்திரி எங்க படுக்குறாங்கன்னு கேட்டுக்கங்க.

கூடாரத்துக்கு வர்றவங்களா? காதுல பஞ்சு குடுப்பேன். இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும். நாலு கூடாரத்துல ரெண்டு நெறைஞ்சாப் போதும், எனக்கு என்ன கொட்டிக் கெடக்குது செலவு. அந்தம்மாவுக்காகப் பண்றேன்னு மட்டும் நெனைக்காதீங்க. என் காதுக்கு. ஞொய்ங் ஞொய்ங்னு உசுர வாங்குது.

மணி என்ன? அஞ்சு அம்பதா? பாருங்க, அங்க பாருங்க, சுருளி கெளம்பிட்டாரு. கையில அரிக்கேன், கக்கத்துல டின்னு. அந்தச் சேத்துல எப்படி ஊனி ஊனிப் போறாருன்னு பாருங்க. எந்திரிங்க தம்பி, சீக்கிரம். அந்தத் தார்ப்பாயப் பிடிச்சு இழுங்க. டீசல் இருக்கு, காலையிலயே ஊத்தி வச்சுட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சுத்துக் கம்பி எகிறும். ம்... ஒண்ணு... ம்... இரு, ஒரு மாசமா ஓடாம இருந்துச்சுல்ல, கோவம் இருக்கும். ம்...

பிடிச்சுக்கிச்சு!

என்ன? கேக்கல தம்பி, சத்தமாச் சொல்லுங்க! ஆப்புல அளக்குறீங்களா? அளங்க, அளங்க! எவ்வளவு வேணாலும் காட்டட்டும்! அங்க பாருங்க. சுருளி நின்னுட்டாரு பாத்தீங்களா? இந்தப் பக்கம் பாக்குறாரு. டின்னக் கீழ வச்சுட்டாரு. திரும்புறாரு தம்பி, வீட்டுக்குத் திரும்புறாரு!

வாசல்ல யாரு அது, போர்வையப் போத்திக்கிட்டு? மூக்கம்மாதான். காய்ச்சலோட எந்திரிச்சு வந்துருக்கு. வாய் அசையுது, என்னமோ கேக்குது. இந்தச் சத்தத்துல ஒண்ணும் விழுகல. விழுகாட்டி என்ன, எனக்குத் தெரியாதா.

போட்டாச்சும்மா! போட்டாச்சு! நீ போயிப் படு!